ஃபீடரில் தலைகீழாகத் தொங்கும் ஹம்மிங்பேர்ட்: செத்துவிட்டதா?

சியாட்டில் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஜனவரி மாதக் காலையில் ஃபீடரில் (பறவைகள் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் பாத்திரம்) ஒரு ஹம்மிங்பேர்ட் என்கிற குட்டிப் பறவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கிட்டப் போயும் அசையவில்லை, வீட்டுக்குள் எடுத்து வந்து சூடு காட்டலாமா?

வேண்டாம், தொடாதீர்கள். பெரும்பாலும் அது உயிரோடுதான் இருக்கும். குளிர்காலத்திலும் உங்கள் ஊரிலேயே தங்கிவிடுகிற அன்னாஸ் ஹம்மிங்பேர்டின் எடை 4 கிராம் சொச்சம்தான். அந்தச் சின்ன உடம்பு 40 டிகிரி செல்சியஸ் சூட்டை ராத்திரி முழுக்கக் காப்பாற்றப் பார்த்தால் விடிவதற்குள் சேர்த்து வைத்த கொழுப்பு தீர்ந்துவிடும் என்பதால், டார்பர் என்கிற ஆழ்ந்த மந்த நிலைக்குப் போய்விடுகிறது. பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிற இதயம் ஐம்பது வரைக்கும் இறங்கிவிடும், உடம்புச் சூடும் தாறுமாறாகக் குறையும். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் வாழும் ஒரு ஹம்மிங்பேர்ட் இனத்தில் உடம்புச் சூடு வெறும் 3.3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதை அளந்து 2020இல் வெளியிட்டார்கள், எவ்வளவு பெரிய ஆச்சரியம் இது! உடம்பு தளர்ந்து கவிழ்ந்தாலும் விரல்கள் கம்பியை விடாது, அதனால்தான் அந்தத் தொங்கல்.

வெயில் ஏறட்டும். முழுசாக விழிக்க 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும், அதுவரை பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். கீழே விழுந்துவிட்டால் மட்டும் காற்றுப் போகிற சின்ன அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூக்குத் துளையில் ஏறிவிடும். அப்புறம் உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். 1918ஆம் ஆண்டுப் பறவைப் பாதுகாப்புச் சட்டப்படி அமெரிக்காவில் இதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம்.

நல்ல வெயில் வந்தபிறகும் இறகை உப்பிக்கொண்டு ஃபீடரை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாலோ, நாக்கு உள்ளே போகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ அது டார்பர் இல்லை, நோய் அல்லது காயம். அப்போது தாமதிக்காமல் அந்த மையத்துக்கே போன் செய்யுங்கள், ஃபீடரையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் விஷயம்: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். தேன் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை. கடுங்குளிரில் இதுவும் உறைந்துவிடும் என்பதால் இருட்டியதும் ஃபீடரை உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்கு முன்பே திரும்ப மாட்டிவிடுங்கள். விழித்ததும் பறவைக்கு உடனே சாப்பாடு வேண்டும்.