பழைய ஓபரா ரெக்கார்டுகள்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மைக் வர்றதுக்கு முன்னாடி, அதாவது 1925க்கு முன்னாடி பதிவான ஓபரா பாட்டுங்களைப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய வந்திருக்கு, ஒவ்வொண்ணா வர்றேன்.

அண்ணா, இத்தாலியப் பாடகர் கரூசோ கரூசோங்கிறாங்களேன்னு யூடியூப்ல போட்டேன். அப்பளம் பொரியுற சத்தம்தான் கேக்குது!

பொரியட்டும் தம்பி, அதைத் தாண்டிக் கேக்கப் பழகணும். அப்போ பதிவு பண்றதுல கரண்டே கிடையாது, பெரிய புனலுக்குள்ள பாடுவாங்க, அந்த அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகுத் தட்டுல கோடு கிழிக்கும், அவ்ளோதான் டெக்னாலஜி. ரொம்பக் கீழ, ரொம்ப மேல இருக்கிற சத்தம் அதுல விழாது, நடுவுல இருக்கிறதுதான் விழும், கரூசோ குரல் அந்த நடுவுல கச்சிதமா உக்காந்துருச்சு. 1902 ஏப்ரல்ல மிலான்ல ஒரு ஹோட்டல் ரூம்ல ஒரே மத்தியானத்துல 10 பாட்டு பாடிட்டு 100 பவுண்டு வாங்கிட்டுப் போனாரு. ஆனா அதுல ஆரம்பிக்காதீங்க, 1907ல பாடின 'பாலியாச்சி' ஓபராவுல வர்ற கோமாளி பாட்டைப் போடுங்க. மூணு தடவை. மூணாவதுல அப்பளம் காணாமப் போயிடும்.

இரைச்சலைச் சுத்தமா எடுத்த வெர்ஷன் நல்லதா சார்?

நான் அது பக்கமே போறதில்ல. இரைச்சலை வழிச்செடுக்கும்போது குரலோட மினுமினுப்பும் சேந்து போயிடுது.

பொம்பளைங்க குரல் மட்டும் ஏன் புல்லாங்குழல் மாதிரி இருக்கு?

சோப்ரானோ, அதாவது பொம்பளைங்களோட உச்சக் குரல், அதோட அழகே மேல் ஸ்வரத்துக்கும் மேல தெறிக்கிற சின்னச் சின்ன ஒலிங்கதான், புனல் அதைத்தான் வெட்டிடுது. போதாததுக்கு உச்சஸ்தாயில கத்தினா பதிவு கெட்டுப்போயிடும்னு சரியா அந்த நேரம் பின்னாடி நகந்துக்கணும். நெல்லி மெல்பான்னு ஒரு சோப்ரானோ பாடகி, அவங்களைக் கேக்கிறப்ப குரலோட கனத்தைத் தேடாதீங்க, சுருதி எவ்ளோ சுத்தம், பிருகா எப்படி விழுதுன்னு பாருங்க.

ஒரே ரெக்கார்டு ஒரு இடத்துல வேகமா, இன்னொரு இடத்துல மெதுவா இருக்கே?

நல்ல கேள்வி, முக்கால்வாசி பேர் ஏமார்றது இங்கதான். நிமிஷத்துக்கு 78 சுத்துன்னு பேருதான், அப்போ தட்டு 70லயும் சுத்தியிருக்கும் 80க்கு மேலயும் சுத்தியிருக்கும், நாலஞ்சு சுத்து கூடினாலே அரைக் கட்டை ஏறிடும், கம்பீரமான ஆளு கீச்சுக்குரலாயிடுவாரு. கீபோர்டை வச்சுக்கிட்டு அந்தப் பாட்டு எந்தச் சுருதில எழுதினதுன்னு ஒத்துப் பாக்கலாம், ஆனா சில பாடகர்கள் வசதிக்கு இறக்கிப் பாடிருவாங்க, அதனால குரலோட நடுக்கம், உச்சரிப்பு மனுஷன் மாதிரி இருக்கான்னு காதும் சொல்லணும்.

உங்களுக்குப் பிடிச்சது யாரு?

ரெண்டு பேர். இத்தாலியப் பாடகர் டமாக்னோ: 1887ல இசையமைப்பாளர் வெர்டியோட 'ஒத்தெல்லோ' ஓபராவுல மொதல் ஒத்தெல்லோவே அவருதான், 1903ல பதிவாகியிருக்காரு. இன்னொண்ணு அடெலினா பாட்டிங்கிற சோப்ரானோ பாடகி. பேருக்கேத்த மாதிரி 62 வயசுல, 1905 டிசம்பர்ல, வேல்ஸ்ல தன்னோட கோட்டைக்கே மெஷினை வரவழைச்சுப் பாடினாங்க. தன் குரலை மொத தடவை கேட்டதும் புனலுக்கு முத்தம் குடுத்து, நான் ஏன் 'பாட்டி'ன்னு, அதாவது ஏன் இவ்ளோ பேரு வாங்கினேன்னு, இப்பதான் புரியுதுன்னாங்களாம், பியானோ வாசிச்ச லாண்டன் ரொனால்ட் எழுதி வச்சிருக்காரு. மூச்சு அங்கங்க வாங்குது, இருந்தாலும் அந்தக் குறும்பு!

நம்ம ஊருக்கு இதுல சம்பந்தம் உண்டா?

இருக்கே. மிலான்ல கரூசோவைப் பதிவு பண்ணவரு கெய்ஸ்பெர்க்னு ஒருத்தர், அவரேதான் அதே 1902 நவம்பர்ல கல்கத்தா வந்து இந்துஸ்தானி பாடகி கௌஹர் ஜானைப் பதிவு பண்ணாரு. அந்தம்மா பாட்டு முடிஞ்சதும் தன் பேரை இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, கேட்டுப் பாருங்க.