சின்ன டிரெய்லரில் முகாம் சாமான்களை அடுக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் டிரெய்லர் ரொம்பச் சின்னது. கூடாரம், மடக்கு நாற்காலி, அடுப்பு, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றிவிட்டால் நிற்கக்கூட இடமில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் எடையைப் பாருங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம். காலி மூலையில் கைக்குக் கிடைத்ததைத் திணிக்க வீட்டில் முடியும். இது சாலையில் ஓடுகிற வண்டி. கருவிப்பெட்டி, தண்ணீர் கேன், டின் உணவு போன்ற கனமானவற்றைத் தரையோடு ஒட்டி, சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வையுங்கள். இடது வலது இரண்டு பக்கமும் பாரம் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மேல் அலமாரிக்குத் துணி, துண்டு, பிஸ்கட் பாக்கெட் போதும்.

கேள்வி: பின்பக்கம் பெரிய அறை இருக்கிறது அண்ணா. ஜெனரேட்டரை அங்கே வைத்தால் எடுக்க வசதி. வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பின்னால் கனம் ஏறினால் முன்னால் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் விழும் பாரம் குறைந்துவிடும். வேகம் கூடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் அலைய ஆரம்பிக்கும், காரையும் சேர்த்து இழுக்கும். சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க டிரெய்லர்களுக்குச் சொல்லும் கணக்கு. அதாவது 1,000 கிலோ வண்டிக்கு 100 முதல் 150 கிலோ. ஐரோப்பிய கேரவன்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். உங்கள் டிரெய்லரின் கையேடும், காரும் கொக்கியும் தாங்கும் அளவும் என்ன சொல்கின்றனவோ அதுதான் முடிவு. கொக்கி பாரத்தை அளக்கவே தனித் தராசு கிடைக்கிறது. சாமான் ஏற்றிய பிறகு அளந்து பாருங்கள், வெறும் வண்டியை அளந்து பயனில்லை.

ஓடும்போது அலைய ஆரம்பித்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். வேகம் குறைந்ததும் பத்திரமான இடத்தில் நிறுத்தி, சாமானை மாற்றி அடுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டிரெய்லரில் ஒட்டியுள்ள தகட்டில் அதிகபட்ச எடை இருக்கும். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். ஆனால் நீங்கள் பிறகு மாட்டிய இரண்டாவது பேட்டரி, வெயில் மறைப்பு எல்லாம் அந்த வெறும் எடையில் சேராது. தண்ணீரையும் மறந்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, 80 லிட்டர் தொட்டி நிரம்பினால் 80 கிலோ. ஒருமுறை முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

கேள்வி: பிளாஸ்டிக் பெட்டி நல்லதா, துணிப்பை நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டும். துணிமணி, போர்வைக்குப் பை. சக்கரத்தின் வளைவு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் பைதான் வளைந்து கொடுக்கும். அடுப்பு, பாத்திரத்துக்கு உள்ளே இருப்பது தெரிகிற பெட்டி. வாங்கும் முன் கட்டிலடி அறையின் வாயை அளந்துகொள்ளுங்கள். உள்ளே தாராளமாக இருக்கும், வாய் ஒரு விரல் குறைவாக இருக்கும், பெட்டி நுழையாது.

கேள்வி: வளைவில் திரும்பினால் அலமாரிக் கதவு திறந்து தட்டெல்லாம் கொட்டுகிறது.

பதில்: கதவுக்கு அழுத்தமான கொண்டி போடுங்கள். அலமாரித் தட்டின் மேல் வழுக்காத ரப்பர் விரிப்பு, முன்னால் குறுக்கே இரு பக்கமும் அழுந்தி நிற்கும் ஒரு ஸ்பிரிங் கம்பி. கனமான பாத்திரம் மேலே இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: எது கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்?

பதில்: போய் நின்றதும் தேவைப்படுவது. சக்கரத்துக்கு வைக்கும் கட்டை, மட்டம் பார்க்கும் பலகை, கையுறை, டார்ச். காரிலிருந்து கழற்றும் முன்பே சக்கரக் கட்டை வைத்தாக வேண்டும் என்பதால் அது வெளியே திறக்கும் அறையில்தான் இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

கேள்வி: கேஸ் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா சார்?

பதில்: கூடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், ஒரு பொறி போதும். வெளியே முன்புறத் தாங்கியில், அல்லது உள்பக்கம் அடைத்து, அடியில் வெளிக்காற்றுத் துளை விட்ட அறையில், நிமிர்த்திக் கட்டி வையுங்கள். கரி அடுப்பில் லேசாகக் கனல் இருந்தாலும் உள்ளே கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கேள்வி: மழையில் நனைந்த கூடாரத்தை என்ன செய்வது?

பதில்: தனியாக நீர் புகாத பையில் போட்டு, வீடு வந்ததும் விரித்துக் காயவையுங்கள். தள்ளிப்போட்டால் பூஞ்சை பிடித்து, அந்த வாடை டிரெய்லர் முழுக்க ஏறிவிடும். நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால் ஸ்லீப்பிங் பேக்கை இறுக்கிச் சுருட்டாமல் பெரிய பையில் தளர்வாக வையுங்கள், அமுங்கியே கிடந்தால் கதகதப்பு குறைந்துவிடும். சாப்பாட்டுப் பொருள் ஒன்றுகூட உள்ளே மிச்சம் இருக்க வேண்டாம். எலிக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ் கிடைத்தால் போதும், அடுத்து மெத்தையைத்தான் கடிக்கும்.