'தா' என்ற சீன எழுத்துக்கு 'அடி' என்பதுதான் பொருளா?

"அகராதியில் 'தா' என்றால் 'அடி' என்று இருக்கிறது. ஆனால் குடை பிடிப்பதற்கும் அதே எழுத்தைப் போடுகிறார்களே, எப்படிப் படிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீனாவில் மருத்துவம் படிக்கப் போன புதிதில் நானும் இதில்தான் முட்டிக்கொண்டேன். வார்டில் ஒரு பாட்டி 'தா ஜென்' என்று ஏதோ கேட்டார். ஜென் என்றால் ஊசி. ஊசியை எதற்கு அடிக்க வேண்டும் என்று விழித்தேன். ஊசி போடணுமா என்றுதான் பாட்டி கேட்டிருக்கிறார்.

எழுதுவது சுலபம், ஐந்தே கோடுகள். இடப்பக்கம் மூன்று கோட்டில் கை. வலப்பக்கம் ஒரு படுக்கைக் கோடும் கொக்கியும். ஆணி வடிவத்திலிருந்து வந்தது. அந்தப் பாதி ஒலிக்காகச் சேர்த்தது என்பார்கள். இருக்கட்டும், கையால் ஆணி அடிப்பதாக நினைத்தால் மறக்காது.

பயன்பாடுதான் பாடாய்ப் படுத்தும். போன் பேச, டாக்ஸி பிடிக்க, ஸ்வெட்டர் பின்ன, மீன் பிடிக்க, தும்ம, எல்லாவற்றுக்கும் 'தா'. 11ஆம் நூற்றாண்டிலேயே ஓயாங் ஷியூ என்ற அறிஞர், பெரியவர் சிறியவர் எல்லாரும் இந்தச் சொல்லைத் தப்பாகப் புழங்குகிறார்கள் என்று சலித்துக்கொண்டு ஒரு பட்டியலே போட்டார். உங்கள் குடையும் அதில் இருக்கிறது! அன்றைக்கு வண்டி செய்வதைச் சொன்ன 'தா ச்செ', இன்றைக்கு டாக்ஸி பிடிப்பது.

எனக்குப் பிடி கிடைத்தது தமிழில்தான். நாம் வெள்ளை அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், டைப் அடிக்கிறோம். வெயில்கூட அடிக்கிறது. இதில் யார் மேல் அடி விழுகிறது? டைப் அடிப்பது அங்கேயும் 'தா'தான். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே பொருத்திவிடாதீர்கள். விடுதியில் என் அறைத்தோழன் காலையிலேயே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு 'தா ஷுய்' என்று கிளம்புவான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தண்ணி அடிக்கப் போகிறான். பாவம், வெந்நீர் பிடிக்கப் போனவன்.

அப்புறம் தனி எழுத்துக்குப் பொருள் எழுதுவதை விட்டுவிட்டு, கூட வரும் சொல்லோடு சேர்த்தே நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதற்குள் ஒருமுறை சூடுபட்டாயிற்று. துணிக்கடையில் 'எட்டு ஜெ' என்று போட்டிருந்ததைப் பார்த்து, 80 சதவீதம் தள்ளுபடி என்று இரண்டு சட்டை எடுத்தேன். தள்ளுபடிக்கும் 'தா'தான்: 'தா எட்டு ஜெ' என்றால் பத்தில் எட்டு பங்கு விலையைக் கொடு என்று அர்த்தம். குறைந்தது வெறும் 20 சதவீதம். ஒரு சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.