மசாலா பாக்கெட் வேணாம் தம்பி, மக்காச்சோளம் போடுங்க

கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. புதுசா தூண்டில் போடறாராம், ஊர் ஏரில ரோகு, கட்லான்னு கெண்டை வகை மீனுங்கள விட்டிருக்காங்களாம். 300 ரூபா குடுத்து ‘ஸ்பெஷல் கெண்டை மசாலா’ வாங்கி மைதால பிசைஞ்சு போட்டா மாவு மட்டும் காணாம போகுது, மீன் மாட்டல, வேற எந்த மசாலா வாங்கறதுன்னு கேக்கறாரு.

எதுவும் வாங்காதீங்க தம்பி. உங்க மாவைத் திங்கறது ஜிலேபி மீன் குஞ்சுங்க. மாவு தண்ணில விழுந்த ஒடனே கூட்டமா வந்து கொத்திக் கொத்தியே தூண்டில் முள்ளைக் காலி பண்ணிடும், தக்கை டக்கு டக்குன்னு ஆடும் ஆனா முழுகாது. வாசனை கூடக் கூட குஞ்சுங்கதான் இன்னும் வரும். அந்தப் பாக்கெட்ல என்ன கலந்திருக்குன்னு எழுதியிருக்கா பாருங்க, இருக்காது. புதுசா வர்ற பசங்கள பாத்து இப்படித் தலைல கட்டறாங்க, கேக்க ஆளே இல்ல, எனக்கு வயிறு எரியுது.

குஞ்சுங்க கொத்திக் கரைக்க முடியாத இரை மக்காச்சோளம்தான். காஞ்ச சோளத்த ராத்திரி ஊறப் போட்டு, காலைல நகம் இறங்கற அளவுக்கு வேக வைங்க. ஊறாம போட்டா மீன் வயித்துக்குள்ள போய் உப்பும், அதனால அவசரப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு மணிய முள்ளுல கோத்து, முனை மட்டும் வெளிய தெரியற மாதிரி விடுங்க. எல்லாரும் முள்ளை மறைக்கத்தான் பாக்கறாங்க, அது தப்பு. கெண்டைக்குத் தாடைல பல்லு கிடையாது, தொண்டைலதான் இருக்கு, இரையை உறிஞ்சிப் பாத்துட்டு சந்தேகம் வந்தா துப்பிடும், துப்பற நேரத்துல முனை வெளிய இருந்தாத்தான் உதட்டுல குத்தும். முள்ளு 8ஆம் நம்பர் போதும். ஈயத்த முடிச்சு போட்டுக் கட்டாதீங்க, ஓட்டை போட்ட ஈயக் குண்டா வாங்கி தங்கூஸ்ல (தூண்டில் நைலான் நரம்புல) தாராளமா ஓட விடுங்க, அது கீழ எறங்காம முள்ளுக்கு ஒரு சாண் மேல மட்டும் தடுப்பு வைங்க, மீன் இழுக்கும்போது கனம் தெரியாது. அதே சோளத்துல ஒரு கைப்பிடிய அந்த எடத்துலயே தூவுங்க, மூட்டை மூட்டையா கொட்டினா மீன் வயிறு நெறைஞ்சு உங்க முள்ளைத் திரும்பிப் பாக்காது.

இது ரோகு, மிர்கால், சாதாக் கெண்டைக்கு. கட்லாவுக்கு மட்டும் இது ஆகாது, இத நல்லா மனசுல வாங்கிக்கங்க. அதுக்குக் கீழ்த்தாடை முன்னால தள்ளியிருக்கும், வாய் மேல் பாத்துத் திறக்கும், மேல்தண்ணில மெதக்கற கண்ணுக்குத் தெரியாத பாசி, பூச்சிய உறிஞ்சித் தின்ற மீனு. அதனால சோளத்துக்கு நேர் எதிரா இங்க இரை கரையணும். தவிட்டையும் கடலைப் புண்ணாக்குப் பொடியையும் புட்டு பதத்துக்கு மட்டும் நனைச்சு தூண்டில் ஸ்பிரிங்ல (இரையைப் பிடிச்சு வெக்கற சுருள் கம்பில) அமுக்கி, அதச் சுத்திக் கட்டியிருக்கற சின்ன முள்ளுங்கள அதுலயே லேசா சொருகி, தக்கைக்குக் கீழ ரெண்டு மூணு அடியில தொங்க விடுங்க. கரையற தூளை உறிஞ்சும்போது முள்ளும் சேந்து உள்ள போகும். அடியில வரவே வராதுன்னு இல்ல, தீனி கொட்டின எடத்துக்கு எறங்கி வரும், ஆனா அத நம்பி உக்காராதீங்க.

ஏரிய யாரு குத்தகைக்கு எடுத்திருக்காங்கன்னு கரைல ஒரு போர்டு வெக்கக் கூட இங்க ஆபீசர்களுக்கு நேரமில்ல, ஒருத்தரக் கேட்டா இன்னொருத்தரக் கை காட்டறாங்க, அந்தச் சந்துல புகுந்துதான் புரோக்கருங்க வசூல் பண்றாங்க. ‘குத்தகைக்காரர் ஆளு’ன்னு வந்து யாராவது காசு கேட்டா ரசீது கேளுங்க, தரலன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல இந்த வருஷம் ஏலம் எடுத்தது யாருன்னு விசாரிச்சு அவர்கிட்டயே நேரா அனுமதி வாங்கிட்டு உக்காருங்க.