செபம் சொல்கிறான், புத்தகம் படிக்கத் திணறுகிறான்: பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 8 வயது முடிந்துவிட்டது. கத்தோலிக்க எய்டட் (அரசு உதவி பெறும்) எல்.பி. பள்ளியில், அதாவது தொடக்கப் பள்ளியில், தமிழ் வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். செபங்களைத் தடையில்லாமல் சொல்வான். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி முடிவதற்குள் வியர்த்துவிடுகிறது. மலையாளப் பீரியடில் இன்னும் மோசம். கவனம் போதாது என்கிறார் டீச்சர். இரண்டு மொழியால் வந்த குழப்பம், பொள்ளாச்சியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். அடுத்த ஆண்டு புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறான். மறைக்கல்வி வகுப்பில் வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுகிறான். என்ன செய்வது?

பதில்: பள்ளியை இப்போது மாற்ற வேண்டாம். சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் மாற்றினால், அதே சிக்கல் இன்னும் கடினமான மொழியில் தொடரும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் நிலையானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு மாதிரி ஒலிக்கும். நிலையான இடத்திலேயே கால் ஊன்றாத குழந்தையை அங்கே கொண்டுபோய் நிறுத்துவது நியாயமில்லை. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் பாடத்திட்டமும் மாறிவிடும். எல்.பி. பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடுவதால், எப்படியும் அவன் ஒரு முறை பள்ளி மாறத்தான் போகிறான். அதற்குள் இருக்கும் காலத்தைப் பயன்படுத்துவோம்.

உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. செபம் முழுவதும் தெரிகிறது, கதையும் நினைவில் நிற்கிறது. அப்படியானால் காதும் நினைவாற்றலும் பொருள் புரியும் திறனும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் வேலைதான் தடுமாறுகிறது. கவனமே இல்லாத பிள்ளை செபங்களைத் தடையில்லாமல் சொல்வதும் கதையை அப்படியே திருப்பிச் சொல்வதும் கடினம். இதை டீச்சரிடம் சண்டைக்கு நிற்காமல் சொல்லுங்கள்.

முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், காதையும் பரிசோதித்துவிடுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வருவதுண்டு. ஆனாலும் அது வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஞாபகசக்தி டானிக் வாங்கும் பணத்தில் கண்ணாடி வாங்கிவிடலாம்.

பிறகு வீட்டில் ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அவன் படிக்காத ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். நன்றாகப் பதில் சொன்னால், புரிந்துகொள்வதில் குறை இல்லை. அடுத்து உயிர்மெய் எழுத்துகளை வரிசை கலைத்துக் காட்டுங்கள். க, கா, கி, கீ என்று வரிசையாகச் சொல்லும்போது குழந்தைகள் பாட்டுப் பாடுவதுபோல் சொல்லிவிடுவார்கள். அதை வாசிப்பு என்று நாம் ஏமாந்துபோகிறோம். மே, பி, கொ, தூ, நை என்று துண்டுத் தாள்களில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். கொம்பு வரும் எழுத்துகளில் அதிகம் தடுமாறுகிறானா என்று பாருங்கள். கொம்பு முதலில் நிற்கும், அதன் ஒலியோ மெய்க்குப் பின்னால் வரும். ‘கொ’வில் முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால். வரிசைப்படி பார்க்கப் பழகும் கண்ணுக்கு இது உண்மையிலேயே சிரமம்.

மூன்றாவதாக, பொருளே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள்: மேடுகி, பசோலு, தினூபை. தெரிந்த சொல்லை முதல் எழுத்தைப் பார்த்தே ஊகித்துவிடலாம், இவற்றை ஊகிக்க முடியாது. கடைசியாகப் புத்தகத்தை மூடிவிட்டு, “‘படம்’ என்ற சொல்லில் ‘ப’வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?” என்று கேளுங்கள். ‘டம்’ என்று சொல்லத் தெரியாவிட்டால், ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் பயிற்சியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழில் இவை எல்லாம் சரளமாக வந்து மலையாளத்தில் மட்டும் திணறினால் கவலை வேண்டாம். தமிழில் ஒரே ககரம் ‘கல்’லிலும் ‘தங்கம்’ என்பதிலும் வேறு வேறாக ஒலிக்கிறது. மலையாளத்தில் அந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. பழக நாளாகும். இரண்டிலும் ஒரே மாதிரி திணறினால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடா என்று பார்க்க வேண்டும். இரண்டு மொழி கற்பதால் அது வருவதில்லை. உங்கள் கணவருக்கு இந்த ஒரு வரியையாவது படித்துக் காட்டுங்கள்.

பள்ளியில் யாரைக் கேட்பது? தலைமையாசிரியை சிஸ்டராக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுங்கள். அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா கேரளாவின் பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையத்தில்) சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், எய்டட் பள்ளிக் குழந்தைகளுக்கும் அவர்கள் உதவி உண்டு. மறைமாவட்ட நிர்வாகம் என்பதால் அரசு உதவி கிடைக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. எய்டட் பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே அரசுதான். தலைமையாசிரியையிடம் வேலை நடக்காவிட்டால் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) அலுவலகத்துக்குப் போகலாம். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

மதிப்பீடு தமிழில் நடக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். எல்லைப்புறத்தில் அடிக்கடி தவறிப்போவது இதுதான். மலையாளத்தில் கொடுத்த சோதனையில் ஒரு தமிழ்க் குழந்தை தடுமாறினால், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தமிழ் தெரிந்தவர் பாலக்காட்டில் கிடைக்காவிட்டால் கோவையில் பார்த்து, அந்த அறிக்கையைப் பள்ளிக்குக் கொடுங்கள். சான்றிதழை மட்டும் பொதுவாக நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் மருத்துவக் குழுவிடம்தான் வாங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 8 வயதுக்கு முன் இதற்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை என்பதால், நீங்கள் தாமதித்துவிடவில்லை. சான்றிதழுக்கு அவசரமும் இல்லை. அது பின்னாளில் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்குத்தான் பெரிதும் பயன்படும். வாசிப்புப் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம்.

அடுத்த கிளாஸ் பி.டி.ஏ.வில் (வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில்) “எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்காதீர்கள். “பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். எந்த எழுத்துகளில் நின்றுவிடுகிறான், பலகைக்கு எவ்வளவு தூரத்தில் உட்காருகிறான், கேள்வியை வாய்மொழியாகக் கேட்டால் பதில் வருகிறதா என்று கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டத்தை முதல் சந்திப்பிலேயே எடுத்து வைக்காதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

புதுநன்மைக்கு வருகிறேன். வாசிக்கத் தெரிந்தால்தான் நற்கருணை என்று திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. 913ஆம் பிரிவு கேட்பது, குழந்தை தன் சக்திக்கு ஏற்றபடி புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிவும் தயாரிப்பும். 914ஆம் பிரிவு அந்தப் பொறுப்பைப் பெற்றோரிடமும் பங்குத்தந்தையிடமும் ஒப்படைக்கிறது. ஆகவே ஃபாதரையும் மறைக்கல்வி ஆசிரியரையும் வகுப்பு தொடங்கும் முன்பே பார்த்து, கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கச் சொல்லுங்கள். செபத்தில் அவனே மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பான். அந்தப் பெருமை அவனுக்கு இப்போது வேண்டும்.

அவனுக்கு மனப்பாடமான செபத்தை வாசிப்புக்கும் பயன்படுத்தலாம். “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்ற வரியைப் பெரிதாக எழுதி, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு சொற்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்து, “தந்தையே எது?” என்று எடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் ‘தந்தை’யிலிருந்து ‘சந்தை’, ‘மந்தை’ என்று ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அது வெறும் ஒப்பித்தல்தான். திருப்பலியில் திரும்பத் திரும்ப வரும் பதிலுரைப் பாடலின் வரியையும் இப்படிச் செய்யலாம். நாளுக்கு 15 நிமிடம் போதும். வீட்டுப்பாட நேரத்தோடு சேர்க்க வேண்டாம். தமிழ் உறுதிப்படும் வரை மலையாளத்தைப் பேசவும் கேட்கவும் மட்டும் விடுங்கள்.

உங்கள் ஆலயப் பங்கில் ஐந்தாறு வயது மூத்த, பொறுமையான ஒரு பிள்ளை கிடைத்தால், வாரத்தில் இரண்டு மாலை கூட உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் வரும் அழுகை அங்கே வராது. பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் மட்டும் இதை வேண்டுதலாகச் சொல்லிவிடாதீர்கள். ஞாயிறு சொன்னது திங்கட்கிழமை பள்ளி முற்றத்தில் பட்டப்பெயராகிவிடும்.

ஐந்தாம் வகுப்புக்கு யு.பி. பள்ளியில் (நடுநிலைப் பள்ளியில்) சேர்க்கும்போது, மதிப்பீட்டு அறிக்கையையும் சிறப்பாசிரியரின் குறிப்பேட்டையும் ஒரு நகல் எடுத்து மே மாதமே கொடுத்துவிடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் சேர்க்கை நெரிசலில் யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.