கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாமா?

மேடம், எனக்கு வயது 42. காங்கேயம் பக்கம் சொந்த ஊர், இருப்பது திருப்பூரில். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய் வந்து, மார்பையே எடுத்துவிட்டார்கள். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நோய் திரும்ப வராமல் இருக்க டமாக்சிஃபென் மாத்திரை மட்டும் தினமும் போடுகிறேன். "நீ பொழச்சு வந்தவ, இனி என்ன பயம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் பயமாக இருக்கிறது என்று யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

வருகிற தையில் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் அமைவதே பெரும்பாடு. அவனுக்கு 34 வயதில்தான் கூடி வந்திருக்கிறது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அவன் கல்யாணத்துக்கென்றே தனியாகச் சீட்டுப் போட்டு வந்தேன். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்யும் இணைச்சீர் சடங்கை நான்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்கள் பெரிய அத்தை அம்மாவிடம், "ஒடம்புக்கு முடியாத புள்ளைய எதுக்குச் சிரமப்படுத்தோணும்? சித்தப்பன் மகளை வெச்சுச் செஞ்சுக்கலாம்" என்றார். அம்மா பதிலே பேசவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனேன். டைலர் அக்கா டேப்பை மார்பில் சுற்றியவர், கை அப்படியே நின்று, "பழைய அளவு ஜாக்கெட் இருந்தாக் குடுத்துட்டுப் போ கண்ணு" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் மேமோகிராம் (மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே) எடுக்கப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏதாவது இருக்கிறது என்று வந்துவிட்டால் கல்யாண வீடு இழவு வீடாகிவிடும். ஆஸ்பத்திரியில் தை கழித்து வரச் சொன்னதாக வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது மூன்று வாரமாக முதுகுவலி வேறு. ராத்திரியெல்லாம் போனில் அதைப் பற்றியே தேடிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்துக்கு மெடிக்கலில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போடலாமா?

ஆலோசகர் பதில்:

சகோதரி, முதலில் முதுகுவலி. நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது. மார்புப் புற்றுநோய் சிலருக்கு எலும்பில் திரும்ப வரலாம் என்று போனில் படித்திருப்பீர்கள். அது உண்மைதான். நாள் முழுக்க நின்றபடி செக்கிங் பார்க்கிறவர்களுக்கு முதுகு வலிப்பதும் அதே அளவு உண்மை. இரண்டில் எது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. புற்றுநோய் வந்து போனவர்களுக்குப் புதிதாக ஒரு வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், படுத்தாலும் குறையாமல் இருந்தால், காட்டிவிட வேண்டும். மூச்சுத்திணறல், விடாத தலைவலி, புதுக் கட்டி, டமாக்சிஃபென் போடுகிறவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான உதிரப்போக்கு எல்லாமே இந்தக் கணக்குதான். ஆகவே இந்த வலியைத் தை வரை கொண்டுபோக வேண்டாம். இந்த வாரமே மருத்துவமனைக்குப் போன் போட்டு, "மூணு வாரமா வலி" என்று சொல்லித் தேதி வாங்குங்கள்.

மேமோகிராம் வேறு விஷயம். அது வலது மார்புக்கு வருடம் ஒருமுறை எடுக்கும் வழக்கமான படம். சில வாரம் தள்ளிப்போனதற்காக நான் உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் தள்ளிப் போட்டதால் நிம்மதி கிடைத்ததா? கிடைத்திருந்தால் ராத்திரி போனைத் தடவிக்கொண்டிருக்க மாட்டீர்கள். வலியைக் காட்டப் போகும் அன்றே அதையும் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள். ரிப்போர்ட் எப்போது, யார் சொல்வார்கள் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள். பலருக்கும் படம் எடுப்பதைவிட அந்த இடைப்பட்ட நாட்கள்தான் நரகம். ஒன்றும் இருக்காது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஏதாவது இருந்தாலும், கல்யாணத்தை வைத்துக்கொண்டு சிகிச்சையை எப்படித் தொடங்குவது என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். அந்த வழியைத்தான் இப்போது நீங்களே அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேதி பற்றி நீங்கள் சொன்னது பொய் என்று தெரிந்தால் கொஞ்சம் கோபம் வரும். வரட்டும்.

தூக்க மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். டமாக்சிஃபெனே உடம்பில் திடீர்ச் சூட்டையும் வியர்வையையும் கிளப்பித் தூக்கத்தைக் கெடுக்கும். மருத்துவரிடம் சொன்னால் அதற்கு வழி உண்டு. இன்னொன்று, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்சிடின், ஃப்ளூவாக்சிடின் போன்ற மருந்துகள் டமாக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடலாம். மனநல மருத்துவரிடம் போனாலும் "நான் டமாக்சிஃபென் போடுகிறேன்" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

சிகிச்சை நடக்கும்போது தைரியமாக இருந்துவிட்டு, முடிந்த பிறகு உடைகிறவர்கள் நிறையப் பேர். அப்போது ஊசி, தேதி, டோக்கன் என்று ஓட்டம் இருந்தது, யோசிக்க நேரமில்லை. இப்போது மாத்திரையும் காத்திருப்பும்தான் மிச்சம். அதனால் பயம் மேலே வருகிறது. பிழைத்து வந்தவளுக்குப் பயப்பட உரிமை கிடையாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, மனசில் ஓடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ராத்திரி அதே நினைப்பு வந்தால் 'நாளைக்கு எழுதிக்கலாம்' என்று தள்ளுங்கள். போன் வேறு அறையில் கிடக்கட்டும். முதல் சில நாள் முரண்டு பிடிக்கும், அப்புறம் பழகும். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

இனி இணைச்சீர். புற்றுநோய் தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை. நீங்கள் சீர் செய்யக் கூடாது என்பதற்கு மருத்துவத்தில் ஒரு காரணமும் கிடையாது. அத்தை சொன்னது அக்கறையா, சகுனம் பார்ப்பதா? இரண்டும் கலந்துகூட இருக்கலாம். அதை ஆராய்ந்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். கடிதம் முழுக்கத் தேடினேன்: 'நான்தான் செய்ய வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள், 'எனக்கு ஆசை' என்று எங்கேயும் எழுதவில்லை. சீட்டுப் போட்டு வந்தவருக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? அதைத் தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் கல்யாணம், அவன் சொன்னால் அத்தைக்கு மேல் பேச இடமில்லை. அம்மா பேசாமல் இருந்ததற்கும் பயம்தான் காரணமாக இருக்கும்; ஒருமுறை அவரிடமும் கேட்டுவிடுங்கள்.

ஜாக்கெட்டுக்குப் பழைய அளவு கொடுக்க வேண்டாம். உள்ளே பேட் வைத்துக்கொண்டு போய், "இப்ப இருக்கற அளவு எடுங்கக்கா" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கும் சங்கடம் விடும். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் இடது கை வீங்க வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கக் கையைக் கொஞ்சம் தளர்வாகத் தைக்கச் சொல்லுங்கள். இறுக்கமான வளையல்களை வலது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.