கூடாரமும் கயிறும் விற்ற கடைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வட அமெரிக்காவில் மலையேற்றம், தூண்டில் மீன்பிடிப்பு, பனிச்சறுக்கு ஆகியவற்றுக்கான பொருள்களை விற்றுவந்த பெரிய கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறோம்.

கோயம்புத்தூர் வாசகர்: 2016-ஆம் ஆண்டு கோடையில் கொலராடோவில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற மாபெரும் கடையின் வாசலில், எல்லாச் சரக்கும் விற்றுத் தீர்க்கப்படும் என்று பதாகை கட்டியிருந்தார்கள். இணைய வணிகம் விழுங்கிவிட்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது சரியா?

இணைய வணிகம் அந்தக் கடையை நெருக்கியது உண்மைதான். ஆனால் அதை வீழ்த்தியது கடன். 2006-இல் லெனார்டு கிரீன் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி சுமார் 130 கோடி டாலருக்குக் கைமாறியது. இத்தகைய கைமாற்றங்களில் வாங்குபவர் தம் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் போட்டு, மீதியைக் கடனாகத் திரட்டி, அந்தக் கடனை வாங்கிய நிறுவனத்தின் தலையிலேயே ஏற்றிவிடுவது வழக்கம். அதன்பிறகு கடையில் வரும் லாபம், பழைய தளத்தைச் செப்பனிடவும் நல்ல இணையதளம் அமைக்கவும் போவதற்கு முன்பே வட்டிக்குப் போய்விடுகிறது. போட்டியாளரான டிக்ஸ் தன் கடைகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

2016 ஜனவரியில் சுமார் 2 கோடி டாலர் வட்டித் தவணையை அதனால் கட்ட இயலவில்லை. மார்ச் மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ 110 கோடி டாலர் கடனுடனும் 460-க்கும் மேற்பட்ட கடைகளுடனும் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை அணுகியது. முதலில் 140 கடைகளை மூடினால் போதும் என்றார்கள். இரண்டு மாதங்களுக்குள் எல்லாவற்றையும் மூட வேண்டியதாயிற்று. அதன் பெயரையும் வாடிக்கையாளர் பட்டியலையும் டிக்ஸ் நிறுவனமே 1.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பட்டியலில் ஏறக்குறைய 2.5 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையிழந்த அதே நடவடிக்கையில், வாங்க வந்தவர்களின் முகவரிகள் விலைக்குப் போன சொத்தாக இருந்ததைப் படித்தபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. டென்வர் நகர அமெரிக்கக் கால்பந்து அரங்கின் நெற்றியில் அந்தக் கடையின் பெயர் 2018 ஜனவரி வரை இறக்கப்படாமல் நின்றதை உங்கள் மகனும் பார்த்திருக்கக் கூடும்.

சென்னை வாசகி: பிறந்தநாளுக்கு வந்த 100 டாலர் கிஃப்ட் கார்டை என் மகள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். கடை மூடப்படும் செய்தி கேட்டுப் போனபோது, அந்த அட்டையை ஏற்கும் கெடு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டுதானே அட்டையைக் கொடுத்தார்கள்? அவர்களுக்குப் பொறுப்பில்லையா?

பொறுப்பு உண்டு, ஆனால் அந்தப் பொறுப்பு வரிசையின் கடைசியில் நிற்கிறது. திவால் நடவடிக்கை தொடங்கியதும், அடமானம் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்த வங்கிகள் முதலில் வருகின்றன. அடுத்து வழக்குச் செலவு, ஊழியர் ஊதியம், வரி போன்றவை. இவற்றுக்கெல்லாம் பிறகு மிஞ்சியதில் ஈடு ஏதுமின்றிக் கடன் கொடுத்தவர்கள் பங்கு கேட்கலாம். கையில் அட்டை வைத்திருக்கும் உங்கள் மகள் சட்டத்தின் பார்வையில் அந்தக் கடைக்கு 100 டாலர் ஈடில்லாக் கடன் கொடுத்தவள்.

அமெரிக்கத் திவால் சட்டத்தில், பொருளுக்காக முன்பணம் கட்டிய தனிநபருக்கு ஓரளவு முன்னுரிமை தரும் பிரிவு ஒன்று இருக்கிறது. கிஃப்ட் கார்டும் முன்பணமே என்ற வாதம் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. பாஸ்டனில் 1983-இல் தொடங்கி 2015-இல் திவாலான சிட்டி ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடையின் வழக்கில், டெலவேர் திவால் நீதிமன்றம் 2016-இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அட்டை வாங்குவதோடு ஒரு விற்பனை முடிந்துவிடுகிறது, எனவே அது முன்பணம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். வேறு சில நீதிமன்றங்கள் எதிர்த்திசையிலும் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே இது இன்னும் முடிந்த வாதம் அன்று.

இத்தகைய அட்டை கையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. கடை சிக்கலில் இருக்கிறது என்ற முதல் செய்தி வந்த அன்றே போய்ச் செலவழித்துவிடுங்கள். திவால் மனு போட்ட சில வாரங்கள் வரை பெரும்பாலும் அட்டைகளை ஏற்கிறார்கள். கடையைக் காலிசெய்யும் விற்பனை தொடங்கியதும் கெடு வைத்து நிறுத்திவிடுகிறார்கள். கடன் அட்டையில் பணம் செலுத்தி வாங்கிய கிஃப்ட் கார்டாக இருந்தால், அந்தக் கடன் அட்டையைத் தந்த வங்கியிடம் முறையிட்டுப் பார்க்கலாம்.

திருச்சி வாசகர்: மூடப்படும் கடையில் 70 விழுக்காடு தள்ளுபடி என்கிறார்களே, வாங்குவது ஆதாயமா?

முதல் வாரங்களில் பெரும்பாலும் ஆதாயம் இல்லை. அந்த விற்பனையைக் கடைக்காரர் நடத்துவதில்லை. சரக்கை விற்றுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் நடத்துகின்றன. அச்சிட்ட முழு விலையிலிருந்து 10 அல்லது 20 விழுக்காட்டில் தொடங்குவார்கள். வழக்கமான நாளில் அதே பொருள் அதைவிடக் குறைவாகக் கிடைத்திருக்கலாம். உண்மையான விலைக்குறைவு வரும்போது நல்ல அளவுகளும் நிறங்களும் தீர்ந்திருக்கும். திருப்பிக் கொடுக்கவும் மாற்றவும் இயலாது. உயிரைத் தாங்கும் பொருள்களான ஏறுகயிறு, தலைக்கவசம் ஆகியவற்றின் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் அங்கே வாங்காதீர்கள்.

டொராண்டோ வாசகர்: முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐந்து டாலர் கொடுத்து எம்இசி கூட்டுறவில் உறுப்பினரானேன். பிள்ளைகளின் முதல் கூடாரம் அங்கே வாங்கியது. 2020-இல் ஒரு நாள் காலை, எங்களைக் கேட்காமலேயே அது ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. உறுப்பினர்தானே உரிமையாளர்? உரிமையாளரைக் கேட்காமல் எப்படி விற்க முடிந்தது?

உங்கள் கடிதத்தில் உள்ள வலி, கனடாவில் லட்சக்கணக்கானோர் பட்ட வலி. மற்ற வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னால் போகிறேன். நல்ல மலையேற்றக் கருவி வேண்டுமென்றால் எல்லை தாண்டிச் சியாட்டில் வரை போய் வாங்கிவர வேண்டிய நிலை அக்காலத்தில் வான்கூவர் இளைஞர்களுக்கு இருந்தது. பேக்கர் மலையில் புயலில் சிக்கிக் கூடாரத்துக்குள் முடங்கிக் கிடந்த மாணவர்கள் சிலரின் பேச்சில் பிறந்த எண்ணம், 1971-இல் ஆறு பேர் சேர்ந்து பதிவுசெய்த மவுண்டன் எக்விப்மென்ட் கூட்டுறவு, அதாவது எம்இசி ஆயிற்று. ஐந்து டாலருக்கு ஒரு பங்கு, வாழ்நாள் உறுப்பினர், ஆளுக்கு ஒரு வாக்கு என்பது விதி. 2020-இல் அதற்கு 22 கடைகளும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தனர்.

அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று, கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புத் தரும் கனடியச் சட்டத்தின்கீழ் எம்இசி நுழைந்தது. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த கிங்ஸ்வுட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கும் முடிவும் உடன் அறிவிக்கப்பட்டது. சாதாரண நாளில் கூட்டுறவின் சொத்தை மொத்தமாக விற்க உறுப்பினர் கூட்டமும் சிறப்புத் தீர்மானமும் வேண்டும். ஆனால் கடன் பாதுகாப்புச் சட்டத்துக்குள் போய்விட்டால், விற்பனைக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நீதிமன்றத்தின் கைக்கு வந்துவிடுகிறது. அங்கே முதலில் பார்க்கப்படுவது கடன் கொடுத்தவர்களின் நலனும் வேலைகளும். உறுப்பினர் பங்கு என்பது மூலதனம். கடன்கள் அடைந்த பிறகே மூலதனத்துக்கு முறை வரும். உங்களைக் கேட்காமல் விற்க முடிந்ததற்கு இதுவே சட்டக் காரணம்.

உறுப்பினர்கள் வாளாவிருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். பணம் திரட்டி வழக்கறிஞரை அமர்த்தி, வேறு வழி தேட அவகாசம் வேண்டுமென நீதிமன்றத்தில் கேட்டனர். பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் அவகாசம் தரவில்லை; அக்டோபரில் விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. பெயரின் கடைசிச் சொல் கூட்டுறவு என்பதிலிருந்து கம்பெனி என்று மாறியது.

இதே உறுப்பினர்கள் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வென்றிருந்தார்கள். 2018-இல் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், துப்பாக்கித் தொழிலோடு தொடர்புடைய விஸ்டா அவுட்டோர் நிறுவனத்தின் பொருள்களை விற்கக் கூடாது என்று பல்லாயிரம் பேர் மனுக் கொடுத்தபோது, எம்இசி அதற்கு இணங்கிப் புதிய கொள்முதலை நிறுத்தியது. நடந்துகொண்டிருக்கும் கடை வாடிக்கையாளரின் மனத்தாங்கலுக்குச் செவிசாய்க்கும், ஏனென்றால் நாளை அவர் வர வேண்டும். கடனில் மூழ்கிய கடைக்கு அந்த நாளையே இல்லை.

தவறு எங்கே தொடங்கியது என்று கேட்டால், கொரோனா ஊரடங்கு கடைசி அடிதான் என்பேன். அதற்கு முன்பே பெரிய கடைகளைத் திறந்து கடன் வளர்ந்திருந்தது; சரக்கு தேங்கியது. வாரியத் தேர்தலில் யார் நிற்கலாம் என்பதை வாரியமே வடிகட்டும்படி 2012-இல் விதி மாற்றப்பட்டபோது, அதற்கும் உறுப்பினர் வாக்கெடுப்பே நடந்தது. 50 லட்சம் பேரில் மிகச் சிறு பகுதியினர்தான் எந்த ஆண்டும் வாக்களித்தார்கள். உங்களைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கு இல்லை; கடைக்குப் போகிறவர் கூடாரத்தைப் பார்ப்பாரா, ஆண்டறிக்கையைப் பார்ப்பாரா? ஆனாலும் வாக்குச்சீட்டு கையில் இருந்த ஆண்டுகளில் அது எடைமிக்கதாக இருந்தது. நீதிமன்றத்துக்குப் போன பிறகு எடையற்றுப் போயிற்று. 2025-இல் கனடிய முதலீட்டாளர் குழு ஒன்று எம்இசியை வாங்கி நாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. கூட்டுறவாக அது திரும்பவில்லை. உங்கள் ஐந்து டாலர் பங்குக்கு இப்போது வாக்குரிமை இல்லை.

மதுரை வாசகர்: ஒரு கடை போனால் இன்னொரு கடை. இதற்குப் போய் மக்கள் கண்ணீர் விடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

அரிசி, பருப்பு விற்கும் கடையாக இருந்தால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொண்டிருப்பேன். தெற்குக் கலிபோர்னியாவின் லா கன்யாடா ஊரில் 1959-இல் ஒரு சிறு பனிச்சறுக்குக் கடையாகத் தொடங்கிய ஸ்போர்ட் ஷலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சறுக்குக் கட்டைகளை வாடகைக்குத் தந்தார்கள். கடலடியில் மூழ்கப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கென நீச்சல் குளம் வைத்திருந்த கிளைகளும் உண்டு. 2014-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், 2016 ஏப்ரலில் அத்தனை கிளைகளும் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, தண்ணீருக்கடியில் முதன்முதலாக மூச்சுவிடக் கற்ற இடத்தைத்தான் பலர் இழந்தார்கள்.

வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டர் ஊரில் 1856-இல் தொடங்கிய ஆர்விஸ், தூண்டில் கோல்களுக்குப் பெயர்பெற்றது. செயற்கை ஈயைக் கட்டி மீன்பிடிக்கும் கலையைத் தன் கடைகளில் இலவசமாகக் கற்றுக்கொடுத்து வந்தது. இறக்குமதி வரி உயர்வு உள்ளிட்ட காரணங்களால் தன் கடைகளில் 31-ஐயும் 5 தள்ளுபடிக் கடைகளையும் 2026 தொடக்கத்துக்குள் மூடுவதாக 2025 அக்டோபரில் அது அறிவித்தது. கோல் இணையத்தில் கிடைக்கும். கோலை எப்படிச் சுழற்றுவது என்று தோளைத் தொட்டுத் திருத்துபவரை எங்கே தேடுவது? மலைக்காலணியின் அளவை ஒரு சாய்தளத்தில் நடக்கவிட்டுப் பார்த்துச் சொல்லும் ஊழியர் போய்விட்டால், அந்தத் தவறு மலைமேல் எட்டாவது கிலோமீட்டரில்தான் தெரியவரும்.

பெங்களூரு வாசகி: அமெரிக்காவின் மலையேற்றப் பொருள் கடையான ஆர்இஐ இன்னும் கூட்டுறவாகவே இருக்கிறதே, அங்கே உறுப்பினர் குரல் எடுபடுகிறதா?

ஓரளவு எடுபடுகிறது. ஆஸ்திரியாவிலிருந்து ஒரு பனிக்கோடரி தருவித்த சியாட்டில் தம்பதியர் லாயிட் ஆண்டர்சனும் மேரி ஆண்டர்சனும் நண்பர்களுடன் 1938-இல் தொடங்கியது அது. 30 டாலருக்கு வாழ்நாள் உறுப்பினர் ஆகலாம். 2025 வாரியத் தேர்தலில், தொழிற்சங்கத்தினரின் பிரசாரத்துக்குப் பிறகு, நிர்வாகம் முன்னிறுத்திய வேட்பாளர்களை உறுப்பினர்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். கூட்டுறவில் அரிதாக நடக்கும் நிகழ்வு இது. அதே ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கின் சோஹோ, பாஸ்டன், நியூஜெர்சியின் பராமஸ் ஆகிய மூன்று இடங்களில் உள்ள கடைகளை 2026-இல் மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. அவற்றுள் சோஹோ கடை, 2022 மார்ச்சில் 88-க்கு 14 என்ற வாக்குகளில் ஆர்இஐ ஊழியர்கள் முதன்முதலாகத் தொழிற்சங்கம் அமைத்த கடை.